மரச்செக்கிலிருந்து பிரைவேட் லிமிடெட் வரை: ஒரு சிறு தொழில் கம்பெனியான விதம்

காங்கேயத்தைச் சுற்றி கொப்பரைக் களங்களுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் குறைவே இல்லை. அந்தப் பக்கம் மரச்செக்கு ஓட்டிவந்த ஒருவரும், சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்த அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அடுத்த இரண்டு வருடங்களில் அது எங்கே தாங்கியது, எங்கே தாங்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். நான் ஈரோட்டில் கணக்கு, கம்பெனிப் பதிவு வேலைகள் பார்ப்பவன், ஆரம்பத்திலிருந்தே இவர்களோடு இருந்தேன். பேர் எதுவும் வராது. மூத்தவர், இளையவர், சித்தப்பா என்று மட்டும் சொல்கிறேன். வரி, கட்டணம், விதிகள் எல்லாம் 2022-24 காலத்தில் இருந்தபடி.

பின்னணி

மூத்தவரிடம் இரண்டு வாகை மரச்செக்கு, ஒரு குடோன், அவர் பேரிலேயே ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் இருந்தன. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், அப்புறம் புண்ணாக்கு, எல்லாம் சேர்த்து வருட விற்பனை 70 லட்சத்தை ஒட்டி. இளையவர் வந்ததும் ஆன்லைன் விற்பனையும் கூரியரும் அவர் பொறுப்பாகிவிட்டது. மாதக் கடைசியில் லாபத்தை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது.

இதில் ஒரு விஷயம் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொள்வது என்று பேசி அப்படியே நடந்துகொண்டால், பத்திரம் போட்டாலும் போடாவிட்டாலும் 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம் அதைக் கூட்டாண்மையாகவே பார்க்கும், அதன் 25-வது பிரிவுப்படி கடன் முழுவதற்கும் ஒவ்வொரு கூட்டாளியும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. அதாவது மூத்தவர் வாங்கிய கொப்பரைக் கடனுக்கு இளையவரின் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

2022 ஜூனில் என்னிடம் வந்ததற்குக் காரணம் வேறு. அதே தொழிலில் இருந்த இன்னொருவரின் எண்ணெய் மாதிரியை உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்து, தரம் குறைவு என்று முடிவு வந்து, மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து இளையவரின் மனைவிக்குப் பயம். "லிமிடெட் கம்பெனின்னா வீட்டுக்கு எதுவும் வராதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வியே.

முதலில் தெளிவுபடுத்தியது

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கட்டணம் வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தரம் குறைந்த உணவுக்கு 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டத்தின் 66-வது பிரிவு, குற்றம் செய்தது கம்பெனி என்றால் கம்பெனியோடு அதன் பொறுப்பாளரையும் சேர்த்தே பிடிக்கும். கம்பெனியானால் இந்தப் பயம் போய்விடாது. வியாபாரக் கடன், பாக்கி, ஒப்பந்த நஷ்டம் போன்றவற்றுக்குத்தான் பங்குத் தொகையோடு நிற்கும் பாதுகாப்பு கிடைக்கும், அதுவும் கம்பெனி பேரில் செய்த காரியத்துக்கு மட்டும். இதை அன்றே இருவருக்கும் புரியும்படி சொல்லியாயிற்று. பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது, கடைசி வரியைத்தான் இன்னும் நாலு முறை சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

எல்.எல்.பி.யா, பிரைவேட் லிமிடெட்டா

ஒருநபர் கம்பெனி பற்றி யோசிக்கவே இல்லை, முதலீடு போடுவது ஒருவர் இல்லையே. எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை, அதைப் பற்றி மட்டும் நிறையப் பேசினோம். அதன் நல்ல அம்சம் வேலை குறைவு: வருடத்துக்கு இரண்டு படிவம், இயக்குநர் கூட்டம், பொதுக்குழு என்று எதுவும் கட்டாயம் இல்லை, விற்பனை 40 லட்சத்துக்குள்ளும் முதலீடு 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கைகூட வேண்டாம். ஆனால் இவர்கள் விற்பனை ஏற்கெனவே 70 லட்சம், ஆக அந்தச் சலுகை கிடையாது. வரியில் எல்.எல்.பி.க்கு 30 சதவீதம், கம்பெனி சலுகைகளை விட்டுக்கொடுத்து 115பி.ஏ.ஏ. பிரிவைத் தேர்ந்தெடுத்தால் 22 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. லாபத்தில் பெரும்பகுதியைத் தொழிலிலேயே விட்டு மூன்றாவது செக்கு போடுவது திட்டம் என்பதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. லாபத்தை வருடா வருடம் வீட்டுக்கு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கம்பெனியில் டிவிடெண்டுக்கு வாங்குபவர் கையில் இன்னொரு முறை வரி விழும்.

இளையவர் எங்கோ படித்துவிட்டு, புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீத வரிதானே என்று கேட்டார். அந்த 115பி.ஏ.பி. பிரிவு அப்போது நடப்பில் இருந்ததுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான கம்பெனிக்கு அது கிடைக்காது, பழைய இயந்திரங்கள் மொத்த இயந்திர மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மூத்தவரின் பழைய செக்குகளை வைத்துத்தான் கம்பெனியே ஓடப்போகிறது. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

எல்லாவற்றையும் முடித்து வைத்தது சித்தப்பாவின் பணம். மூத்தவருடைய அப்பாவின் தம்பி, 6 லட்சம் தருகிறேன், கம்பெனி வளர்ந்தால் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றார். வேலையில் தலையிடாமல் பணம் மட்டும் போடுகிறவருக்கு எல்.எல்.பி. கூட்டாளி என்ற இடத்தைவிடப் பங்குதாரர் என்ற இடம்தான் பொருந்தும். பிரைவேட் லிமிடெட் என்று முடிவானது.

சித்தப்பா சொந்தக்காரரா?

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தொழில்களில் பணம் வருவதே இப்படித்தான். 6 லட்சத்தையும் கம்பெனிக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிடலாம் என்பது மூத்தவரின் எண்ணம். 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டப்படி கம்பெனி வெளியாட்களிடம் வாங்கும் கடன் டெபாசிட் கணக்கில் வரும், ஒரு பிரைவேட் கம்பெனி கண்டவரிடம் டெபாசிட் வாங்க முடியாது. இயக்குநர் தரலாம், இயக்குநரின் உறவினர் தரலாம், கடன் வாங்கித் தரவில்லை, சொந்தப் பணம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு.

அந்தச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன் மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சித்தப்பா இல்லை. வருமான வரிச் சட்டத்திலோ அன்பளிப்பு விஷயத்தில் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் உறவினர்தான். ஒரே சித்தப்பா ஒரு சட்டத்துக்குச் சொந்தம், இன்னொன்றுக்கு வெளியாள்! இதைக் கேட்டதும் மூத்தவருக்குக் கோபமே வந்துவிட்டது, "எங்க சித்தப்பா வெளியாளா?" என்று.

வழி இருந்தது. பிரைவேட் கம்பெனி தன் உறுப்பினரிடம், அதாவது பங்குதாரரிடம், செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற காப்புத் தொகையும் (சேர்த்து வைத்த லாபம்) சேர்ந்த அளவுக்குள் கடன் வாங்கலாம், அதை டி.பி.டி-3 படிவத்தில் வருடா வருடம் காட்ட வேண்டும். ஆகவே சித்தப்பா 1 லட்சத்துக்குப் பங்கு எடுத்துக்கொண்டு உறுப்பினராவது, மீதி 5 லட்சத்தை உறுப்பினர் கடனாகத் தருவது, எல்லாம் வங்கி வழியாக மட்டும் என்று முடிவு செய்தோம். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தனியாகவே தடுக்கிறது.

பங்கு பிரித்தது

மூத்தவரும் இளையவரும் பாதிப் பாதி என்று வந்தவர்கள். பாதிப் பாதி கேட்க நன்றாக இருக்கும், ஒரு விஷயத்தில் கருத்து வேறுபட்டால் முடிவே எடுக்க முடியாது. சித்தப்பா உள்ளே வந்ததும் மொத்த மூலதனம் 10 லட்சம், அதில் 4.5, 4.5, 1 என்று ஆனது. அதில் இளையவருக்கு நியாயமான ஒரு கவலை: "மாமா, சித்தப்பா உங்க பக்கம்தானே ஓட்டுப் போடுவாரு?" மூத்தவர் மறுக்கவில்லை. "மாப்ள சொல்றதும் சரிதான், அதுக்கு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார். அந்த நேர்மைதான் பிற்பாடு இவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அதனால் கம்பெனியின் உள்விதிகளில் சில விஷயங்களைப் பூட்டி வைத்தோம். புதுப் பங்கு வெளியிடுவது, வங்கிக் கடன், குடோனை மாற்றுவது, பிராண்டை விற்பது இவற்றுக்கு இரண்டு இயக்குநர்களும் சம்மதிக்க வேண்டும், அந்த விதியை மாற்றவும் எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும். சட்டத்தின் 5-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் பொதுவான உள்விதியை அப்படியே ஏற்றிவிட்டால் இதெல்லாம் இருக்காது. யாராவது வெளியேற நினைத்தால் மற்றவர்களுக்கே முதலில் பங்கைத் தர வேண்டும், விலையைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் சொல்வார் என்பதையும் சேர்த்தோம்.

இன்னொன்று பிராண்ட். டிரேட்மார்க் விண்ணப்பம் மூத்தவர் பேரில் இருந்தது. அது அவரிடமே இருந்தால் இளையவர் 45 சதவீதம் வைத்திருப்பது எதில்? இரண்டு செக்கிலும் ஒரு மேசையிலும்தான். எழுத்துமூலம் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னபோது மூத்தவர் ஒரு வாரம் யோசித்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

பதிவு

இந்தப் பகுதியில் மாட்டியது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கு பான் கார்டில் உள்ளபடியே பேர் வேண்டும். ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பேர் முழுசாக, அதிலும் ஒரு எழுத்து வித்தியாசம். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்கும், முதலில் இதைச் சரிபார்த்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குவது நல்லது. பதிவு அலுவலக முகவரிக்கு குடோனைக் காட்டலாம் என்று பார்த்தால், இடம் மூத்தவரின் அம்மா பேரில், ஈ.பி. பில் காலமாகிப் பல வருடமான தாத்தா பேரில். வீட்டுக்கு வரி ரசீதும் ஈ.பி. பில்லும் அம்மா பேரிலேயே இருந்ததால், அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வீட்டையே முகவரியாகக் கொடுத்தோம். குடோன் தொழில் நடக்கும் இடமாக ஜி.எஸ்.டி.யில் தனியாக வந்தது.

கம்பெனிப் பேருக்கு, குலதெய்வத்தின் பேரோடு 'ஆயில்ஸ்' சேர்த்து இரண்டு விதமாகக் கேட்டார்கள். இரண்டும் தள்ளுபடி, அதே மாதிரி பேரில் ஏற்கெனவே கம்பெனிகள் இருந்தன. மறுபடி சமர்ப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு, அதில் தோட்டத்துப் பேரையும் சேர்த்துக் கொடுத்ததும் கிடைத்தது. கிடைத்த பேர் 20 நாளைக்குத்தான் நிற்கும், அதற்குள் கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் இரண்டாம் பகுதியை அனுப்பிவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை, அதாவது எவ்வளவு வரை பங்கு வெளியிடலாம் என்ற உச்ச அளவை, 15 லட்சத்தில் நிறுத்தினோம், அதுவரை பதிவுக் கட்டணம் கிடையாது, முத்திரைத் தீர்வை மட்டும்தான். விண்ணப்பத்தைப் பார்ப்பது ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்திய பதிவு மையம், கம்பெனி வந்து சேர்வது கோவைப் பதிவாளரின் கீழ். 2022 செப்டம்பரில் சான்றிதழ் வந்தது, பான் எண்ணோடும், வரிப் பிடித்தத்துக்கான டான் எண்ணோடும். அடையாள எண்ணில் சென்னைக் கம்பெனிகளுக்கு வரும் டி.என். இல்லாமல் டி.இசட். என்று இருப்பதைப் பார்த்து இளையவர் தப்பாக அச்சாகிவிட்டதோ என்று போன் செய்தார். கோவைப் பதிவாளரின் கம்பெனிகளுக்கு அப்படித்தான் வரும்.

மாற்றிக்கொண்டது

இயந்திரத்தையும் சரக்கையும் மூத்தவர் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டு விற்றார். தனிநபர் தொழிலை அப்படியே கம்பெனிக்கு மாற்றினால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டுதான், ஆனால் அதற்கு அவரிடம் 50 சதவீதத்துக்குக் குறையாமல் ஓட்டுரிமை ஐந்து வருடம் இருக்க வேண்டும். 45-ல் அது நடக்காது. செக்குகளைக் கணக்குப் புத்தக மதிப்புக்கே விற்றதால் பெரிய ஆதாயமும் வரவில்லை.

உணவுப் பாதுகாப்பு உரிமம் புதிதாகவே எடுக்க வேண்டும். பழைய உரிம எண்ணோடும் பழைய பேரோடும் அச்சடித்த லேபிள்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன, அதைக் கம்பெனி எண்ணெயில் ஒட்ட முடியாது. லேபிள் தீரும்வரை பழைய தொழிலும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். செலவைப் பார்த்தால் புரிகிற முடிவுதான். ஆனால் அதனால் பழைய வங்கிக் கணக்கும், பழைய பில் புக்கும், மூத்தவரின் பழைய செக் புக்கும் குடோன் மேசையிலேயே தங்கிவிட்டன.

தொழில் தொடங்கியதாக, பதிவான 180 நாளுக்குள் ஐ.என்.சி-20ஏ படிவம் போட வேண்டும், ஒவ்வொரு பங்குதாரரும் தன் பங்குப் பணத்தைக் கம்பெனிக் கணக்கில் செலுத்தியிருக்க வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், பேரையே பதிவிலிருந்து எடுத்துவிடவும் முடியும். சித்தப்பாவின் பணம் கூட்டுறவு சங்க வைப்பில் இருந்தது, முதிர்வுக்கு முன் எடுக்க அவருக்கு மனசில்லை. நான் போட்டுவிடுகிறேன் என்று மூத்தவர் சொன்னதை ஏற்கவில்லை, அவர் பங்குக்கு அவர் கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும். 2023 பிப்ரவரியில் பணம் வந்து, கெடுவுக்குள் படிவம் போனது.

வங்கி

20 லட்சம் நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கி, சிறு தொழில் கடன் உத்தரவாதத் திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமலேயே கொடுத்தது. ஆனால் இரண்டு இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தைக் கேட்டது. அதாவது அந்த 20 லட்சத்துக்கு லிமிடெட் என்ற பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. மூத்தவர் தயங்காமல் போடப் போனார், இளையவர் ஒரு இரவு மனைவியோடு பேசிவிட்டு வந்து போட்டார். அவர் செய்ததுதான் சரி. புதுக் கம்பெனிகளுக்கு இது பெரும்பாலும் தவிர்க்க முடியாத கையெழுத்து, என்றாலும் வீட்டில் தெரிந்தே போட வேண்டிய கையெழுத்து.

சோதனை வந்தது

2023 கடைசியில் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் 7 லட்சத்துக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு கடையை மூடிவிட்டார். அந்தப் பணத்தை நம்பி நான்கு லோடு கொப்பரை கடனுக்கு வாங்கியிருந்தார்கள், ஒரே மண்டியில், மொத்தம் 8 லட்சத்துக்குப் பக்கம். மண்டிக்காரர் மூத்தவரின் வீட்டுக்கே வந்துவிட்டார். "கம்பெனி கிம்பெனியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, உங்களைப் பார்த்துத்தான் சரக்கு அனுப்பினேன்" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

பில்களை எடுத்துப் பார்த்தோம். மூன்று லோடு கம்பெனி பேரில், கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணில், கம்பெனிக் கணக்குச் செக். நான்காவது லோடு, அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை இறக்கியது, பழைய பேரில் பில், கையில் கிடைத்த பழைய செக் புக்கிலிருந்து மூத்தவரின் சொந்தக் கணக்குச் செக். அந்தக் கணக்கில் பணமே இல்லை. அந்தச் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வழக்கு அவர்மேல் தனியாக வரும், கம்பெனி குறுக்கே நிற்காது.

மூத்தவர் அந்த நான்காவது லோடின் 2 லட்சத்துச் சொச்சத்தை வீட்டு நகையை வைத்துக் கட்டினார். மற்ற மூன்றுக்கும் கம்பெனி மண்டியோடு எழுத்தில் தவணை பேசியது, 2024 ஆகஸ்டில் முடிந்தது. அந்த மாதங்களில் இளையவரின் சேமிப்பையோ சித்தப்பாவின் தோட்டத்தையோ யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஒரே குடோன், ஒரே மண்டி, ஒரே கொப்பரை, பில்லில் இருந்த பேர்தான் யார் கட்டுவது என்று முடிவு செய்தது.

வெளியூர் வியாபாரி மீதான வழக்கு இதை எழுதும்போதும் நடந்துகொண்டிருக்கிறது. கம்பெனி தாக்குப்பிடித்து நிற்கிறது, மூன்றாவது செக்கு மட்டும் தள்ளிப்போய்விட்டது. ஆண்டுப் படிவங்கள் தவறாமல் போகின்றன, கணக்குப் படிவமும் ஆண்டறிக்கையும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே இல்லாமல் ஏறும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பழைய தொழிலையும் புதியதையும் சேர்த்து ஓட்டவே கூடாது. லேபிள் வீணானால் போகட்டும், நான்காவது லோடு அதைவிட அதிகம் கேட்டது. சான்றிதழ் வந்து, புது உரிமமும் ஜி.எஸ்.டி.யும் கையில் கிடைத்ததும் ஒரு தேதி குறித்து, அன்றே பழைய வங்கிக் கணக்கை முடித்து, செக் புக்கைத் திருப்பிக் கொடுத்து, பில் புக்கைக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு இதை முதல் வேலையாகச் சொல்கிறேன். அதோடு பழைய சப்ளையர்கள் ஒவ்வொருவருக்கும், இனி வாங்குவது இந்தக் கம்பெனி என்று ஒரு கடிதம், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோடு. கம்பெனிப் பேர், முகவரி, அடையாள எண், போன், இமெயில் பில்லில் இருக்க வேண்டும் என்பதும், வாசலில் பேர்ப் பலகை அந்த ஊரில் புழங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம் கேட்பவை. இவர்கள் பலகையைச் சம்பவத்துக்கு அப்புறம்தான் மாட்டினார்கள், தமிழில் பெரிதாக. மண்டிக்காரர் வந்துபோகும் வாசலில் அது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

எல்.எல்.பி. போதுமாக இருந்திருக்குமா என்று இளையவர் ஒருமுறை கேட்டார். சித்தப்பாவின் பணமும் லாபத்தை உள்ளேயே விடும் திட்டமும் இல்லையென்றால் போதும் என்றேன். இரண்டு பேர், தங்கள் பணம் மட்டும், லாபத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் என்றால் இன்றும் எல்.எல்.பி.யைத்தான் சொல்வேன்.

உள்விதியில் ஒரு இடைவெளி இப்போது தெரிகிறது. பங்கை விற்பதற்கு வழி எழுதினோம், பங்குதாரர் காலமானால் என்ன என்பதற்கு எழுதவில்லை. சித்தப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவருடைய இரண்டு மகள்களும் வெளியூரில். அவருக்குப் பிறகு அந்த 10 சதவீதம் வாரிசுகளுக்குப் போகும், அவர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்விதியைத் திருத்த மூன்று பேரும் சம்மதித்திருக்கிறார்கள், வரைவு இப்போது சித்தப்பாவின் கையில் இருக்கிறது, மகள்களிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார்.